வெனிஸ் கடற்கரை ஸ்கேட் பூங்கா: கம்பிக்கு வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு

லாஸ் ஏஞ்சலிஸுக்கு முதல் தடவை வருகிறவர்கள் வெனிஸ் கடற்கரைக்குப் போகாமல் ஊர் திரும்புவதில்லை. ஸ்கேட் பூங்காவும் வழியிலேயே கண்ணில் படும். ஆனால் பெரும்பாலானவர்கள் கம்பியோரம் ஐந்து நிமிடம் நிற்கிறார்கள். ஒரு செல்ஃபி, யாராவது விழுந்தால் அதை ஒரு வீடியோ, அவ்வளவுதான், அடுத்த டி-ஷர்ட் கடைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். கட்டணமே இல்லாத ஒரு நல்ல ஆட்டத்தை இப்படி அரைகுறையாகப் பார்த்துவிட்டுப் போகிறார்களே என்று எனக்கு வயிற்றெரிச்சல். ஸ்கேட்போர்டு என்கிற சக்கரப் பலகையில் ஒரு நாளும் ஏறாதவர், இனி ஏறும் உத்தேசமும் இல்லாதவர், சும்மா பார்க்க மட்டும் போகிறவர், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. போய்ச் சேருவது

பூங்கா இருப்பது ஓஷன் ஃப்ரண்ட் வாக் என்ற நடைபாதைக்குக் கடல் பக்கம், மணலை ஒட்டி. வரைபடத்தில் 'டென்னிஸ் போலார் பேர் ஆக்னியூ நினைவு ஸ்கேட் பூங்கா' என்று காட்டினால் குழம்ப வேண்டாம். அதிகாரப்பூர்வமான பெயர் அதுதான், வாயில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வின்ட்வர்ட் அவென்யூவின் குறுக்கே 'வெனிஸ்' என்ற எழுத்துகள் கம்பியில் தொங்கும். அந்த இடத்திலிருந்து கடலைப் பார்த்து நேராக நடந்தால் சில நிமிடங்களில் சக்கரச் சத்தம் காதில் விழும்.

காரில் வருகிறவர்களுக்கு ரோஸ் அவென்யூ, வெனிஸ் பூலவார்டு ஆகிய தெருக்கள் முடியும் இடத்தில் கடற்கரைப் பார்க்கிங் உண்டு. கோடைக்காலச் சனி ஞாயிறில் கட்டணமும் ஏறும், இடமும் மதியத்துக்குள் நிரம்பிவிடும். அதைவிட முக்கியம், காருக்குள் பையோ லேப்டாப்போ வெளியே தெரிகிற மாதிரி வைக்காதீர்கள். வாடகைக் கார் என்றால் இன்னும் கவனம்.

கார் இல்லையென்றால் கவலை இல்லை. மெட்ரோ ஈ லைனில் ஏறி அதன் மேற்குக் கடைசி நிலையமான டவுன்டவுன் சான்டா மோனிகாவில் இறங்குங்கள். அங்கிருந்து பிக் ப்ளூ பஸ் 1-ஆம் எண் வெனிஸ் வரும். நடக்கப் பிடிக்கிறவர்கள் சான்டா மோனிகா பியர் என்ற கடல்பாலத்திலிருந்து கடலோரமாகவே வரலாம். ஏறக்குறைய 4 கி.மீ., வழி முழுக்கச் சமதரை. எனக்குப் பிடித்தது இந்த வழிதான். ஒரே ஒரு எச்சரிக்கை: கடற்கரையை ஒட்டி ஓடும் மார்வின் ப்ராட் சைக்கிள் பாதையை நடைபாதை என்று நினைத்து அதில் நடந்துவிடாதீர்கள். 35 கி.மீ. நீளப் பாதை அது, அதில் வருகிறவர்கள் வேகமாக வருவார்கள். கடக்கும்போது இரண்டு பக்கமும் பாருங்கள்.

2. எந்த நேரம்

பூங்கா காலை 9 மணி முதல் பொழுது சாயும் வரை. ஆனால் 9 மணிக்கே போய் நின்றால் ஏமாற வாய்ப்பு உண்டு. மே, ஜூன் மாதங்களில் கடலிலிருந்து வரும் தாழ்ந்த மேகமும் மூட்டமும் முற்பகல் முழுக்கக் கலையாமல் நிற்கும். உள்ளூர்க்காரர்கள் 'ஜூன் க்ளூம்' என்று அலுத்துக்கொள்வது இதைத்தான். ஈரம் படிந்த கான்கிரீட்டில் சக்கரம் வழுக்கும், அதனால் தரை காயும்வரை விவரம் தெரிந்தவர்கள் பலகையை வெளியே எடுக்கமாட்டார்கள். சில நாள் காலையில் துடைப்பத்தோடு யாராவது மணலைப் பெருக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். காற்று அடித்துக் கொண்டுவந்து கொட்டும் மணலில் ஒரு சிட்டிகை சக்கரத்துக்கு அடியில் சிக்கினாலே ஆள் கீழே.

என்னைக் கேட்டால், வேலைநாளில் பிற்பகல் 3 மணிக்குப் போய் சூரியன் விழும்வரை இருங்கள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருவார்கள், அதன் பிறகு வேலை முடித்த பெரியவர்கள் வருவார்கள். சனி, ஞாயிறு பிற்பகலில் ஆட்டம் இன்னும் சூடாக இருக்கும், ஆனால் உங்களுக்கு முன்னால் மூன்று வரிசைத் தலைகள் இருக்கும். சூரியன் மறையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் இரவு 8 மணி தாண்டும், டிசம்பரில் 5 மணிக்கு முன்பே இருட்டிவிடும்.

தொப்பி, சன்ஸ்கிரீன், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் எவ்வளவு வெயில் அடித்தாலும் ஒரு மெல்லிய ஜாக்கெட்டும் வேண்டும். மாலையில் கடல்காற்று திடீரென்று குளிரும். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், கடற்கரையில் அதற்குத் தடை. மதுவுக்கும் சிகரெட்டுக்கும் தடைதான், நாற்றம் மட்டும் அவ்வப்போது வரும்.

3. எங்கே நிற்பது

பூங்காவைச் சுற்றிக் கம்பித் தடுப்பு இருக்கிறது. போனவுடனே முதலில் கிடைத்த இடத்தில் நிற்காமல் ஒரு சுற்று முழுக்க நடந்துவிட்டு வாருங்கள். எந்த மூலையில் ஆட்கள் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள், எந்தப் பக்கம் வெயில் கண்ணில் அடிக்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதும்.

கடல் மேற்கில். ஆகவே பிற்பகலில் கடைகள் இருக்கும் பக்கம் நின்று கடலைப் பார்த்தால் ஓட்டுகிறவர்கள் கருநிழலாகத் தெரிவார்கள். அந்தி நேரப் படத்துக்கு அது அழகு, காலசைவைக் கவனிக்க உதவாது. மணல் பக்கமாகப் போய் சூரியனை முதுகுக்குப் பின்னால் விட்டு நின்றால் கால், பலகை, முகம் எல்லாம் தெளிவாகத் தெரியும். கூட்டமும் அந்தப் பக்கம் பொதுவாகக் கொஞ்சம் குறைவு.

எங்கே நின்றாலும் தடுப்புக்கு வெளியே நில்லுங்கள். உள்ளே கால் வைக்காதீர்கள், ஒரே ஒரு போட்டோவுக்காகக்கூட. கையோ குழந்தையின் காலோ கம்பிக்கு உள்ளே நீட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். தப்பி வரும் பலகை எந்தப் பக்கம் பாயும் என்று அதை ஓட்டியவருக்கே தெரியாது. யாராவது 'போர்டு!' என்று கத்தினால், எங்கோ ஒரு பலகை ஆளில்லாமல் வருகிறது என்று அர்த்தம். உடனே கீழே பாருங்கள்.

4. என்ன பார்க்கிறோம் என்று தெரிந்துகொள்வது

2009 அக்டோபர் 3-ஆம் தேதி திறந்த பூங்கா இது. மொத்தம் 16,000 சதுர அடி. முதல் பார்வைக்கு ஒரே கான்கிரீட் குழப்பமாகத் தெரியும். பவுல், ஸ்னேக் ரன், ஸ்ட்ரீட் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டால் கண்ணுக்குப் பிடிபடும்.

பவுல் என்பது வழவழப்பான வளைந்த சுவர்களோடு தோண்டிய குழி. தண்ணீர் இல்லாத நீச்சல்குளமோ என்று தோன்றினால் சரியாகவே தோன்றியிருக்கிறது. 1976-77-இல் கலிஃபோர்னியாவைக் கடும் வறட்சி பிடித்தபோது வீடுகளின் பின்னால் நீச்சல்குளங்கள் பல வற்றிக் கிடந்தன. சொந்தக்காரருக்குத் தெரியாமல் சுவரேறிக் குதித்து அவற்றில் ஓட்டிய பையன்களில் பலர் இந்த வட்டாரத்தவர்கள். வெனிஸையும் சான்டா மோனிகாவின் தென்கோடியையும் சேர்த்து அப்போது 'டாக்டவுன்' என்பார்கள். ஜெஃப் ஹோ, ஸ்கிப் எங்ப்ளாம், கிரெய்க் ஸ்டெசிக் மூவரும் சான்டா மோனிகாவில் நடத்திய ஜெஃபைர் என்ற அலைச்சறுக்குக் கடையின் குழு 1975-இல் டெல் மார் ஸ்கேட்போர்டு போட்டிக்குப் போனது. டோனி ஆல்வா, ஜே ஆடம்ஸ், ஸ்டேசி பெரால்டா, குழுவின் ஒரே பெண்ணான பெகி ஓகி எல்லாரும் அதில் இருந்தார்கள். மற்றவர்கள் நிமிர்ந்து நின்று ஜிம்னாஸ்டிக்ஸ் போல ஓட்டிய காலத்தில் இவர்கள் தரையோடு தரையாகக் குந்தி, கையைக் கான்கிரீட்டில் தேய்த்துத் திரும்பினார்கள். ஹவாயின் அலைச்சறுக்கு வீரர் லாரி பெர்டில்மன் அலையில் செய்ததைத் தரையில் செய்து பார்த்தார்கள், அவ்வளவுதான். இன்றைக்கும் யாராவது பவுலில் ஒரு கையைத் தரையில் ஊன்றிப் பலகையை வழுக்கித் திருப்பினால் அதற்கு 'பெர்ட்' என்றே பெயர். நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பிறந்த அசைவு அது. தவறவிடாதீர்கள்.

பவுலில் முதலில் கவனிக்க வேண்டியது இறங்கும் விதத்தை. விளிம்பில் பலகையின் வாலை, அதாவது பின்நுனியை வைத்து, பின்காலால் அதை அழுத்திப் பிடித்து, முன்பாதி அந்தரத்தில் நீட்டியிருக்க நிற்பார்கள். பிறகு முன்காலை முன்சக்கரங்களுக்கு மேலே வைத்து, உடம்பின் எடை முழுவதையும் குழியை நோக்கிச் சாய்க்க வேண்டும். இதுதான் 'டிராப் இன்'. புதியவர் செய்யும் தப்பு எல்லோருக்கும் ஒன்றே: கடைசி நொடியில் பயந்து பின்னால் சாய்வார், பலகை முன்னால் ஓடிவிடும், ஆள் இடுப்பில் விழுவார். கிணற்று மேட்டில் முதல் குதிக்கு நிற்கும் பையனைப் போல ஒரு சிறுவன் அந்த விளிம்பில் காலை வைப்பதும் எடுப்பதுமாக நிற்பதைப் பார்த்தால் அங்கேயே நில்லுங்கள். அன்றைய நல்ல காட்சி அதுவாக இருக்கலாம்.

இறங்கியவர் எதிர்ச்சுவரில் ஏறும்போது முழங்காலைப் பாருங்கள். வளைவில் மடக்கி, மேலே போகையில் நீட்டி, அந்த அழுத்தத்தாலேயே வேகம் சேர்ப்பார். நல்ல ஓட்டக்காரர் பவுலுக்குள் தரையில் காலை ஊன்றித் தள்ளவே மாட்டார். விளிம்பில் 'கரகர'வென்று சத்தம் கேட்டால் சக்கரங்களைத் தாங்கும் உலோக அச்சை விளிம்பில் உரசிக்கொண்டு போகிறார் என்று பொருள். அதுதான் 'கிரைண்ட்'.

ஸ்னேக் ரன் என்பது நெளிந்து போகும் கான்கிரீட் ஓடை. வித்தை குறைவு, ஒழுக்கு அதிகம். வயதானவர்களும் புதியவர்களும் இங்கே நிறைய. ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு வேகம் குறையாமல் போகிறார்களா என்று பார்த்தால் போதும்.

ஸ்ட்ரீட் பகுதியில் படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, திண்ணை. உண்மையான தெருவில் இருப்பவற்றின் நகல்கள். இங்கே நிற்கும் பார்வையாளர் எல்லாரும் கேட்கும் கேள்வி, 'பலகையைக் காலில் ஒட்டவைத்திருக்கிறார்களா?' என்பது. இல்லை. மேலே ஒட்டியிருப்பது உப்புத்தாள் போன்ற ஒரு சொரசொரப்பு மட்டும்தான். பின்காலால் வாலைத் 'டக்'கென்று தரையில் அடித்தால் பலகையின் மூக்கு, அதாவது முன்நுனி எழும்பும். அதே கணத்தில் முன்காலைப் பலகையின் மேல் உரசி முன்னுக்கு இழுத்தால் பின்பாதியும் எழும்பிக் காலோடு வரும். 'ஆலி' என்ற இந்தக் குதிப்பைப் பலகையைக் கையால் பிடிக்காமல் பவுலில் முதலில் செய்தவர் ஃப்ளோரிடாவின் ஆலன் கெல்ஃபண்ட், 1970களின் கடைசியில். சமதரையில் செய்துகாட்டியவர் ராட்னி மல்லன், 1980களின் தொடக்கத்தில். இன்று படிக்கட்டில் நீங்கள் பார்க்கும் பெரும்பாலான வித்தைகள் இந்த ஒரு உதையில்தான் தொடங்குகின்றன. அடுத்த முறை அந்த 'டக்' சத்தத்தைக் காதால் பிடித்துக்கொள்ளுங்கள், கண் தானாகச் சரியான நேரத்தில் அங்கே போகும்.

ஒலிம்பிக்ஸ் பார்த்தவர்களுக்கு இன்னொரு குறிப்பு: 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில் ஸ்கேட்போர்டிங் முதல்முறை சேர்ந்தபோது 'பார்க்', 'ஸ்ட்ரீட்' என்று இரண்டு பிரிவுகள் வைத்தார்கள். பவுல் பக்கம் பார்ப்பது முதல் வகை, படிக்கட்டுப் பக்கம் பார்ப்பது இரண்டாவது. பெண்கள் ஸ்ட்ரீட்டில் தங்கம் வாங்கிய ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கு அப்போது வயது 13. அதனால் ஓரத்தில் நிற்கும் சின்னப் பெண்ணைக் குறைத்து எடைபோட வேண்டாம்.

5. ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்

இதுதான் நான் சொல்ல வந்ததே. எல்லோரையும் பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது. கண்ணுக்குப் பிடித்த ஒருவரைத் தேர்ந்துகொண்டு அரைமணி நேரம் அவரை மட்டும் பின்தொடருங்கள். ரொம்பத் திறமைசாலியாக இருக்க வேண்டியதில்லை. ஒரே வித்தையைத் திரும்பத் திரும்ப முயல்கிறவராக இருந்தால் உத்தமம்.

படிக்கட்டில் ஒருவர் 'கிக்ஃப்ளிப்' முயல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குதிக்கும்போது பலகையை ஒரு முழுச்சுற்று உருட்டி, காற்றிலேயே காலால் பிடித்து, கீழே இறங்க வேண்டும். முதலில் பலகையைக் காலால் விலக்கிவிட்டு பலகை இல்லாமல் ஓடி இறங்குவார். இது தோல்வியல்ல, படியின் தூரத்தை அளக்கிறார். அடுத்து ஒரு கால் மட்டும் பலகையில் விழும். அதற்கடுத்து இரண்டு காலும் விழும், ஆனால் எடை வால்பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் நடந்து மேலே போகும்போது அவர் கால்விரலைப் பாருங்கள்: வெறும் தரையில் அந்த உதையைத் திருப்பித் திருப்பி ஒத்திகை பார்த்துக்கொண்டே போவார். சிலர் பலகையைத் தூக்கி எறிவார்கள், கெட்ட வார்த்தை பறக்கும். கோபம் உங்கள்மேல் இல்லை.

கடைசியில் பலகையின் திருகாணித் தலைகளுக்கு மேலே இரண்டு பாதமும் சரியாக வந்து உட்கார்ந்து, சக்கரம் நான்கும் ஒரே சத்தமாக இறங்கினால், உங்களுக்கே தெரிந்துவிடும். அதுவரை நின்று பார்க்காதவருக்கு அது ஒரு குதி, அவ்வளவுதான். சிலநாள் அது நடக்காமலே இருட்டிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

6. மரியாதை

கைதட்டலாம். ஆனால் எதற்குத் தட்டுவது என்பதில் சுற்றுலாக்காரருக்கும் உள்ளூர்க்காரருக்கும் வித்தியாசம் உண்டு. நாம் உயரத்துக்குத் தட்டுகிறோம், அவர்கள் கஷ்டத்துக்குத் தட்டுகிறார்கள். பவுல் ஓரத்தில் நிற்கிறவர்கள் பலகையின் வாலை விளிம்பில் 'டக் டக்' என்று தட்டினால் அதுதான் அவர்களுடைய கைதட்டல். அந்தச் சத்தம் வந்தால் தயங்காமல் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

'ஒரு கிக்ஃப்ளிப் போடு!' என்று கத்தாதீர்கள். ஸ்கேட்டர்கள் காதில் விழுந்து புளித்துப்போன வாசகம். யாராவது விழுந்தால் சிரிக்காதீர்கள், அதே நேரம் பதறிக்கொண்டு உள்ளே ஓடவும் ஓடாதீர்கள். விழத் தெரிந்தவர்கள்தான் அவர்கள். உருண்டு எழுந்துவிடுவார்கள். எழாமல் கிடந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் கையைத் தூக்கி மற்றவர்களை நிறுத்துவார்கள். அவசரமென்றால் 911. நடைபாதையிலேயே ஒரு போலீஸ் நிலையமும் உண்டு.

தலைக்கவசம், முழங்கால், முழங்கைக் காப்பு எல்லாம் கட்டாயம் என்று அறிவிப்புப் பலகை இருக்கும். பலர் அணியாமலே ஓட்டுவார்கள். உங்களுக்குள் இருக்கும் மாமா வெளியே வந்து அறிவுரை சொல்லத் துடிப்பார், அடக்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே முறை என்று ஒன்று உண்டு, டோக்கன் கிடையாது. பவுலில் ஒரு நேரத்தில் ஒருவர். கண்ணாலும் தலையசைப்பாலும் அடுத்தவர் யார் என்று முடிவாகும். முறை தாண்டி இறங்குவதை 'ஸ்னேக்' என்பார்கள், சண்டை வந்தால் பெரும்பாலும் இதனால்தான். இந்த மௌனப் பேச்சைக் கவனிப்பதும் ஒரு பொழுதுபோக்கு.

7. படம் எடுக்க

சொந்த உபயோகத்துக்குப் படம் எடுக்கத் தடை இல்லை. வியாபாரப் படப்பிடிப்பு என்றால் நகரத்தின் அனுமதி வேண்டும், அது ஃபில்ம் எல்.ஏ. அலுவலகம் வழியாக வரும். ஃப்ளாஷைக் கண்டிப்பாக அணைத்துவிடுங்கள். விளிம்பில் நிற்பவர் கண்ணில் அது பட்டால் விழப்போவது அவர். கேமராவில் ஷட்டர் வேகம் குறைந்தது 1/1000, செல்பேசியில் தொடர் படமுறை அல்லது ஸ்லோமோஷன். பலகை உச்சிக்கு எழும் கணத்துக்குச் சற்று முன்பே அழுத்த ஆரம்பியுங்கள், எழுந்த பிறகு அழுத்தினால் இறங்கும் முதுகுதான் கிடைக்கும். செல்பேசியைக் கம்பிக்கு மேல் நீட்டிப் பிடித்திருக்கும்போது பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். பவுலுக்குள் விழுந்தால் சேதம் செல்பேசிக்கு மட்டும் இல்லை. சிறுபிள்ளைகளை நெருக்கமாகப் படமெடுக்க வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கும் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

8. கிளம்பும்போது

நடைபாதையில் யாராவது சிரித்துக்கொண்டே ஒரு சிடியைக் கையில் திணித்தால் வாங்காதீர்கள். வாங்கியபின்தான் விலை வரும். தெருக்கலைஞரைப் படம் பிடித்தால் ஒன்றோ இரண்டோ டாலர் தொப்பியில் போடுங்கள். கால் இன்னும் தாங்கினால் பக்கத்தில் மஸில் பீச் உடற்பயிற்சிக்கூடம், ரோலர் ஸ்கேட்டில் ஆடுகிறவர்களின் மேடை, வார இறுதியில் அனுமதியோடு வண்ணம் தீட்டும் சுவர்கள் எல்லாம் நடை தூரம்தான். பொழுது சாய்ந்ததும் கடற்கரைப் பக்கம் ஆள் நடமாட்டம் சட்டென்று குறைந்துவிடும். திரும்பும் பஸ்ஸின் நேரத்தை முன்பே பார்த்துவைத்துக்கொண்டு வெளிச்சமான வின்ட்வர்ட் அவென்யூ வழியாகவே வெளியே வாருங்கள்.